முப்பத்தோராம் திகதி வரை நலம்

ஒரு மனிதன் ஒண்ணுக்குப் போவதற்கு எந்த அரச அலுவலகத்தின் ஒத்துழைப்பும் தேவையில்லை என்று பாக்கியநாதன் அறுபத்தொரு வயது வரை நம்பியிருந்தார். நல்ல நம்பிக்கைதான். அறுபத்திரண்டில் போய்விட்டது.

நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டம். அதன் மேற்பிரிவில், ஐந்தாம் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்று அவருடையது. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் முப்பத்தாறு வருடம் ரோலர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற கையோடு அவருடைய சொந்த இயந்திரம் பழுது காட்டத் தொடங்கியது. அரை மணிக்கு ஒருதரம் முட்டிக்கொண்டு வரும். ஓடிப்போய் நின்றால் ஒன்றும் வராது. செருமி, சுவரைப் பார்த்து, மாதா மன்றாட்டில் பாதியைச் சொல்லி முடிக்கிறபோது நாலு சொட்டு விழும். பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்பினால் மறுபடியும் முட்டும். பசறை பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். அந்த வளைவுகளில் தன்னால் எதற்கும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவருடைய அண்ணன் சூசையும் இப்படித்தான் இரண்டு வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயசானால் அப்படித்தான் என்று லயமே சொன்னது. சூசையும் அதை நம்பி யாரிடமும் காட்டவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு போனபோது நோய் முதுகெலும்பு வரை போயிருந்தது. சிறுநீர்ப்பைக்குக் கீழே பாக்கு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அதற்கு புரோஸ்டேட் என்று பெயர், ஆண்களுக்கு மட்டும் கடவுள் அதை வைத்திருக்கிறார் என்ற செய்தியெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு சூசையின் மரணச் சான்றிதழைப் பார்த்துத்தான் தெரியவந்தது. அதனால் பாக்கியநாதனுக்குப் பயம். சாப்பிடும்போதும் பயம், கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் பயம்.

"பசறைக்குப் போயி நம்ம பாறூக் டொக்டர்ட்ட காட்டுங்களேன்," என்று மனைவி இருதயம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

பாறூக் டொக்டர் முப்பது வருடமாக அவர்களுடைய குடும்ப டொக்டர். பிள்ளைகளின் அம்மையிலிருந்து இருதயம்மாவின் மூட்டுவலி வரை எல்லாம் அவருக்கு அத்துபடி. அதுதான் இடைஞ்சலே. மகள் கல்யாணத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புரியாணி சாப்பிட்ட மனிதரிடம் போய், எந்த முகத்தோடு பின்பக்கத்தைக் காட்டுவது? இது போதாதென்று வாசலில் நளீரா இருந்தாள். நம்பர் கொடுப்பவள். "என்ன வருத்தம்?" என்று அவள் கேட்பது பசறை பஸ் நிலையம் வரை கேட்கும். நோயாளி காதோடு காதாகச் சொன்னால், "வயித்தோட்டமா?" என்று உரத்துக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழுதுவாள்.

இந்த நிலையில்தான் ஆண்கள் நலன்பேண் கருத்திட்ட அலகு என்ற அரச அலுவலகம் தோட்டத்துக்கு வந்தது.

வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் கொழுந்துக்காரப் பெண்கள் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை ஜெயகுமார் அறிவித்தலை வாசித்தார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு இலவசப் பரிசோதனை. பதுளையிலிருந்து டொக்டர் வருகிறார். மேற்பிரிவுக்கு இலக்கு நூறு பேர். சனிக்கிழமை, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்.

தெரியாத டொக்டர், தெரியாத விரல். பாக்கியநாதனுக்கு அது கடவுள் அனுப்பிய வழியாகவே பட்டது. வெள்ளிக்கிழமையே கணக்கப்பிள்ளையிடம் போய்த் தன் பெயரைக் கொடுத்தார். முதல் பெயர் அவருடையது. விசாரித்துப் பார்த்ததில், கடைசிப் பெயரும் அவருடையதுதான்.

மேற்பிரிவு ஆண்கள் விவரமானவர்கள். பரிசோதனை எந்த வழியாகச் செய்யப்படும் என்ற தகவல் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை விடிந்தபோது ஒருவருக்குப் பண்டாரவளையில் அவசர வேலை, இன்னொருவருக்கு அப்புத்தளையில் சாவு வீடு. திட்டத்தைத் திறந்துவைக்கப் பிரதம அதிதி வருகிற மடுவத்தில் நாற்காலிகள் காலியாக இருந்தால் தோட்டத்தின் மானம் என்னாவது? தோட்டத்து மேலாளர், பெரிய தொரை, உடனே மலைக்கு ஆள் அனுப்பினார். கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு எல்லாப் பெண்களும் மடுவத்துக்கு வர வேண்டும். வந்தவர்களுக்கு ஒரு பேர், அதாவது முழு நாள் கூலி, போடப்படும். பகல் சோற்றுப் பார்சலும் உண்டு. பத்து மணிக்கெல்லாம் ஆண்கள் நலன் பேணும் விழாவில் இருதயம்மா உட்பட எண்பத்தாறு பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்வரிசையிலிருந்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். சோற்றுப் பார்சல் செய்தி எட்டியதும் பின்வாசல் வழியாகப் பதின்மூன்று ஆண்களும் வந்து, ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் நின்றார்கள்.

பாக்கியநாதனை மேடையில் ஏற்றினார்கள். அவர்தான் அங்குரார்ப்பணப் பயனாளி, திட்டத்தின் முதல் ஆள் என்று சொல்லி மாலை போட்டார்கள். அவருக்கு ஒரு பக்கம் தொரை, மறுபக்கம் பிரதம அதிதியின் காலி நாற்காலி. பரிசோதனைக்கு நேரம் குறித்தாயிற்று: பத்து நாற்பத்திரண்டு, சுபவேளை. நல்ல காரியத்தை நேரம் பார்க்காமல் செய்யக்கூடாது என்று அலகின் இணைப்பாளர் கிருஷ்ணராஜ் பதுளையில் ஒரு சோதிடரிடம் கேட்டே வந்திருந்தார். பத்து நாற்பத்திரண்டு வந்தது, போனது. அதிதி வரவில்லை. பாக்கியநாதனுக்கு மட்டும் வந்தது.

"ஐயா, ஒரு நிமிசம் எறங்கிப் போய்ட்டு வந்துர்றேனுங்க," என்று எழுந்தார்.

கிருஷ்ணராஜ் தோளைப் பிடித்து மெல்ல அமுக்கினார். "பயனாளி எழும்பினா நிகழ்ச்சி ஒழுங்கு கெட்டுப்போகும். அதிதி எந்த நேரமும் வரலாம்."

அதிதி பதினொன்று ஐம்பதுக்கு வந்தார். மங்கள விளக்கு ஏற்றப்பட்டது. மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், வரவேற்புரை. அதன்பிறகு கிருஷ்ணராஜ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கௌரவ அதிதி அவர்களே, தாய்மார்களே, கதவோரம் நிற்கும் பயனாளிகளே. ஊவா மாகாணத்தில் முதன்முறையாக ஒரு சுரப்பிக்கு மங்கள விளக்கேற்றிய பெருமை எமது அலகையே சாரும். கடந்த வருடம் நாம் ஏழு செயலமர்வுகளை நடத்தினோம். ஏழிலும் சேர்த்து ஒரு நோயாளிகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. இதைவிட ஒரு தடுப்பு நடவடிக்கைக்கு வேறென்ன வெற்றி வேண்டும்? நோய் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது விடயம். பயனாளி புன்னகையோடு வீடு திரும்புகிறாரா என்பதுதான் எமது அளவுகோல்."

பெண்கள் கைதட்டினார்கள். எப்போது தட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு வருடக்கணக்கான பயிற்சி. பாக்கியநாதன் தொடைகளை இறுக்கிக்கொண்டு மாலையிலிருந்த செவ்வந்திப் பூக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்தேழு இருந்தன. இரண்டாவது தரமும் எண்ணினார்.

கடைசியில் அந்தக் கட்டம் வந்தது. மடுவத்தின் மூலையில் ஒரு கட்டில், அதைச் சுற்றி நீலத் திரை, திரைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பாக்கியநாதனைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாலையைக் கழற்றட்டுமா என்று கேட்டதற்கு, போட்டோவுக்கு வேண்டும் என்றார்கள். பித்தளைத் தட்டில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் ஒரு சோடி ரப்பர் கையுறையை வைத்து ஒரு பெண்பிள்ளை கொண்டுவர, அதிதி அதை இரண்டு கையாலும் எடுத்து இளம் டொக்டரிடம் கையளித்தார். டொக்டர் குனிந்து வாங்கிக்கொண்டார். படம் சரியாக விழவில்லை என்று அதிதி இன்னொருமுறை கையளித்தார். பிறகு ரிப்பன் வெட்டினார்.

"ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்து சிரிங்க," என்றான் படம் எடுத்தவன்.

பாக்கியநாதன் கழுத்தைத் திருப்பிச் சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. இந்தா வருகிறது, இந்தா வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டே கிடந்தார். திரை விலகியது. உடம்பெல்லாம் கூசிப்போய்ப் பல்லைக் கடித்தார்.

"என்னங்க இன்னும் படுத்துக் கெடக்குறீங்க?" இருதயம்மா கையில் இரண்டு சோற்றுப் பார்சலோடு நின்றாள்.

"டொக்டர் வருவாருன்னு."

"அவரு போயி கால் மணி நேரமாச்சி. ரெண்டரைக்கி பதுளையில மீட்டிங்காம். இந்தத் திட்டம் எப்படி நடக்குதுன்னு பேசுற மீட்டிங்கு."

அத்தோடு முடிந்திருந்தால் பாக்கியநாதன் ஒரு சோற்றுப் பார்சலின் கணக்கில் அதை மறந்திருப்பார். முடியவில்லை. பரிசோதிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்று அலகு கேட்டது. தோட்டத்தில் பட்டியல் என்றால் ஒன்றுதான் உண்டு: அன்று யார் யாருக்குப் பேர் போட்டது என்று கணக்கப்பிள்ளை எழுதுகிற புத்தகம். ஜெயகுமார் அந்தப் பக்கத்தைப் போட்டோ பிரதி எடுத்து, பார்சல் வாங்கிய ஆண்களின் பெயரையும் கீழே சேர்த்து அனுப்பினார். எண்பத்தாறும் பதின்மூன்றும், மேடையில் இருந்தவரும். சரியாக நூறு. இலக்கு நூற்றுக்கு நூறு.

மூன்று கிழமையில் சான்றிதழ்கள் கட்டாக வந்தன. பரிசோதிக்கப்பட்டது, முடிவு: சாதாரணம். இருதயம்மா தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எனக்கும் நல்லா இருக்குன்னுதான் போட்டிருக்கு. அது எனக்கு எங்கங்க இருக்கு?"

"உனக்கு இல்லடி."

"இல்லாத எனக்கே நல்லா இருக்குன்னா, இருக்கற உங்களுக்கு எப்படிங்க நம்புறது?" என்றவள் அந்த இரண்டு தாளையும் மடித்து அரிசிப் பானைக்குக் கீழே வைத்தாள். "நாளைக்கு மொத பஸ்ஸுல பசறைக்குப் போறோம். நீங்க வரலன்னா நான் போயி அந்த நளீராட்ட ஒங்க வருத்தத்தச் சொல்லுவேன். அவ ஊருக்குச் சொல்லட்டும்."

போனார்கள். வழியில் இரண்டு தரம் பஸ்ஸை நிறுத்தவேண்டி வந்தது. நளீரா வழக்கம்போல உரத்துக் கேட்டாள். பாக்கியநாதன் வாயைத் திறக்குமுன் இருதயம்மாவே, "ஒண்ணுக்கு அடைக்குது, எழுதும்மா," என்றாள். காத்திருந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை. வயதான இரண்டு பேர் மட்டும் அவரைக் கொஞ்சம் பொறாமையோடு பார்த்தார்கள்.

பாறூக் டொக்டர் விளக்கு ஏற்றவில்லை, நேரம் பார்க்கவில்லை. ஐந்தாறு கேள்வி கேட்டார். கதவைச் சாத்தினார். "படுங்க பாக்கியம். மூச்ச இழுத்து விடுங்க," என்றார். மூன்று மாதம் பயந்த காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. பாக்கியநாதனுக்கு வெட்கத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். இதற்காகவா நாற்பத்தேழு பூவை எண்ணினோம் என்று இருந்தது.

டொக்டர் தன் உள்ளங்கையில் பெருவிரலின் அடிச்சதையைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, இப்படி மெத்துன்னு இருக்கணும். ஒங்களுக்கு ஒரு பக்கம் அப்படித்தான் இருக்கு." பிறகு கையை மடக்கி விரல் முட்டியைத் தொட்டார். "மத்தப் பக்கம் இப்படி இருக்கு."

பாக்கியநாதன் தன் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு.

"அண்ணனுக்கு வந்ததா டொக்டர்?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தம் பாக்கணும், சதை எடுத்துப் பாக்கணும். சூசை எங்கிட்ட வரவே இல்ல. நீங்க வந்துட்டீங்க. இப்ப பாத்தா செய்ய வழி இருக்கு, தள்ளிப்போடாதீங்க." அங்கேயே உட்கார்ந்து பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கடிதம் எழுதினார். எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டார். "ஒரு கரைச்சல் இருக்கு. திட்டம் நடந்த தோட்டத்து ஆக்கள் அந்த அலகுல கையெழுத்து வாங்கித்தான் கிளினிக்குப் போகணுமாம். புதுச் சட்டம்."

அலகு பதுளையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. சிறுநீர்க் கோளாறு உள்ளவர்களுக்கான அலுவலகத்தை நாற்பது படிக்கு மேலே வைத்தவனை பாக்கியநாதன் மனதாரத் திட்டிக்கொண்டே ஏறினார். கிருஷ்ணராஜின் மேசைக்குப் பின்னால் பாக்கியநாதனின் படம் பெரிதாக மாட்டியிருந்தது: மாலையோடு, ஒருக்களித்து, சிரித்தபடி.

"அடடே, நம்ம பயனாளி," என்று கிருஷ்ணராஜ் உட்காரச் சொன்னார். கடிதத்தை வாசித்தார். முகம் சுருங்கியது. கணினியைத் தட்டினார். "உங்களுக்கு சாதாரணம்னுதானே இருக்கு?"

"யாரும் பாக்கலிங்களே ஐயா."

"பதிவாகியிருக்கே. பதிவானத மாத்தினா இலக்கு தொண்ணூத்தொம்பதுக்கு எறங்கிரும். டிசம்பர் கடைசியில தேசிய விருதுக்குப் பாக்கறாங்க. நூத்துக்கு நூறு வந்த ஒரே பிரிவு உங்க பிரிவுதான்." சுவரில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிசம்," என்று பக்கத்து அறைக்குள் போனார்.

உத்தியோகத்தர்களுக்கான கழிவறை அது. சுவர் மெல்லியது. பாக்கியநாதன் வேண்டுமென்று கேட்கவில்லை. செருமல் கேட்டது. பிறகு நீண்ட அமைதி. மறுபடி செருமல். குழாயைத் திறந்துவிட்டு ஆசை காட்டுகிற சத்தம். கடைசியில் கஞ்சத்தனமாக ஏதோ கேட்டது. இந்த வித்தையில் பாக்கியநாதன் கரை கண்டவர். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிருஷ்ணராஜ் திரும்பி வந்து உட்கார்ந்தார். "நான் மனிதாபிமானத்தோட ஒரு வழி சொல்றேன். இப்ப நவம்பர் பதினெட்டு. நீங்க டிசம்பர் முப்பத்தொண்ணாந் திகதி வரைக்கும் நல்லா இருங்க. ஜனவரி ஒண்ணாந் திகதி புதுப் பதிவேடு. காலையில மொத ஆளா வாங்க, உடனே உங்கள நோயாளியாக்கிர்றேன்."

பாக்கியநாதனுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதை விழுங்கிக்கொண்டார். "சரிங்க ஐயா. நானும் அதுவரைக்கும் நல்லா இருக்கப் பாக்குறேன். நீங்களும் முப்பத்தொண்ணாந் திகதி வரைக்கும் அந்தச் சாவிய எடுக்காம இருப்பீங்களா?"

கிருஷ்ணராஜ் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு குரலை உத்தியோகபூர்வமாக்கிக்கொண்டு, "உங்கள எடுக்கறதுன்னா அந்த எடத்துக்கு இன்னொருத்தர் வேணும். ஆம்பள, அம்பதுக்கு மேல. இனியும் பொம்பளைங்களப் போட்டா கணக்கு ஒடிட்ல கேள்வி வரும்," என்றார்.

"உங்க பேரையே போட்டுக்குங்களேன். என்ன வயசாகுது?"

"அம்பத்தெட்டு."

யோசனை பிடித்துப்போயிற்று. மனிதர் முப்பது வருடமாகப் படிவம் நிரப்பி வளர்ந்தவர். பதிவேட்டை இழுத்து, பாக்கியநாதனை வெட்டி, பெயர் கிருஷ்ணராஜ், வயது ஐம்பத்தெட்டு என்று அழகான கையெழுத்தில் எழுதினார். பரிசோதனை முடிவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா தானாக ஒரு ‘சா’ எழுதியது. அதோடு நின்றுவிட்டது.

"எனக்கு யாரும் பாக்கலையே," என்றார் மெதுவாக.

"எனக்கும் யாரும் பாக்கலதாங்க."

"இதுல சாதாரணம்னு எழுதினா அப்புறம் நான்..."

"ஆமாங்க. முப்பத்தொண்ணு வரைக்கும்."

பக்கத்து மேசைகளில் யாராவது பார்க்கிறார்களா என்று கிருஷ்ணராஜ் திரும்பிப் பார்த்தார். எழுதிய ‘சா’வை வெட்டினார். அதற்கு மேலே, ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று எழுதினார். நூறு வரிகளில் அந்த ஒரு வரிதான் மெய். பிறகு கடிதத்தில் கையெழுத்து வைத்து, முத்திரையைக் குத்தி நீட்டினார். பாக்கியநாதன் வாங்கப் போனபோது கடிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பசறை டொக்டர்... அது ரொம்ப வலிக்குமா?"

"இல்லிங்க ஐயா. பாக்குறது ஒரு நிமிசந்தான். பாத்து முடிச்சிட்டு, ஒண்ணும் பேசாம, அந்தப் பக்கம் திரும்பி கை கழுவுவாரு பாருங்க. அந்த நேரத்தத்தான் தாங்க முடியாது," என்றார் பாக்கியநாதன். "அதையும் தாங்கிக்கலாம். எங்கண்ணனுக்கு அந்த நேரங்கூட கெடைக்கல."

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிளினிக் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று நாற்பது படிகளையும் வேகமாக இறங்கினார்.